அப்பாவின் சிறை மாதங்களை விட்டுவிடாதே

அன்புள்ள சண்முகம்,

இங்கே எல்லாரும் நலம். கிணற்றில் பாதித் தண்ணீர் நிற்கிறது, செல்வராசு இன்னும் அதே மொபெட்டில்தான் சுற்றுகிறான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அப்பாவின் நினைவு மலருக்கு நீ எழுதிய பக்கங்களைப் படித்தேன். பட்டாளத்தில் சேர்ந்தது, பென்ஷன், ஊருக்கு வந்து வைத்த தென்னந்தோப்பு, எல்லாம் இருக்கிறது. சீனாவோடு போர் நடந்த 1962 மட்டும் காணோம்! நேஃபாவில், அதாவது இன்றைய அருணாச்சலப் பிரதேசத்தில், சீனர்களிடம் பிடிபட்டு, திபெத்தில் கைதியாகக் கிடந்து, அடுத்த வருடம் திரும்பிய மனிதர் அந்த வருடம் முழுக்க லீவில் இருந்த மாதிரி தாண்டிப் போயிருக்கிறாய். போனில் கேட்டால், "பிடிபட்டதில் என்னடா பெருமை" என்கிறாய். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

நம் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆளையே எடுத்துக்கொள், ஜெனரல் பி.பி. குமாரமங்கலம். அந்தக் காலத்தில் சென்னை மாகாண முதல்வராக இருந்த டாக்டர் சுப்பராயனின் மூத்த மகன். இரண்டாம் உலகப் போர், 1942 மே 27, லிபியப் பாலைவனம், பீர் ஹக்கீமுக்குத் தென்கிழக்கே, ஒளிய ஒரு மறைவும் இல்லாத இடம். அவருடைய பீரங்கிகள் நின்ற 3-வது இந்திய மோட்டார் பிரிகேடில் சொந்தமாக ஒரு டாங்கு கிடையாது. காலையிலேயே இத்தாலியரின் அரியேத்தே டாங்கு டிவிஷன் வந்து ஏறிவிட்டது. அங்கே அவர் போரிட்ட விதத்துக்கு டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் ராணுவ விருது கொடுத்தார்கள், பிடிபட்டதும் அங்கேதான். யோசித்துப் பாரடா, விருதும் சிறையும் ஒரே சண்டையில்!

இத்தாலிய முகாமில் அவரோடு கைதிகளாக இருந்தவர்கள் யார் தெரியுமா? பின்னாளில் பாகிஸ்தான் ராணுவத்தில் ஜெனரல்களான யாஹ்யா கானும் யாகூப் கானும். 1943-இல் இத்தாலி சரணடைந்த குழப்பத்தில் குமாரமங்கலம் தப்பினார், மறுபடி பிடிபட்டார், ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். இதெல்லாம் முடிந்து திரும்பிய மனிதரை யாரும் ஓரமாக உட்கார வைக்கவில்லை. 1966-இல் அவர் நம் ராணுவத் தலைமைத் தளபதி, அதே வருடம் அந்தப் பக்கம் யாஹ்யா கான் பாகிஸ்தான் ராணுவத்துக்குத் தலைவர். ஒரே முள்வேலிக்குள் இருந்த இரண்டு பேர், எதிரெதிர் ராணுவங்களின் தலைமையில். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அவருடைய தம்பி மோகன் குமாரமங்கலம் வெள்ளைக்காரன் காலத்தில் கம்யூனிஸ்டுகள் மேல் போட்ட சென்னைச் சதி வழக்கில் சிறைக்குப் போனவர். அதை மேடை போட்டுச் சொல்வோம். அண்ணன் இருந்த சிறையைப் பற்றி நம்மூரில் யாராவது பேசிக் கேட்டிருக்கிறாயா? அரசியல் சிறை என்றால் நெஞ்சை நிமிர்த்துகிறோம், போர்ச்சிறை என்றால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம். எந்த ஊர் நியாயம் இது?

அப்பா விஷயத்தில் வெட்கப்பட என்ன இருக்கிறது? குளிருக்குத் துணி இல்லை, துப்பாக்கிக்குத் தோட்டா போதவில்லை, அங்கே நின்ற பிரிகேடியர் ஜான் தால்வியே பிடிபட்டார். அந்தப் போரில் கைதியானவர்கள் ஏறக்குறைய 3,900 பேர். சிக்னல்ஸ் என்ற தகவல் தொடர்புப் பிரிவில் கம்பியும் கையுமாக இருந்த அப்பா மாதிரி ஒரு நாயக் மட்டும் என்ன செய்திருக்க முடியும்? அப்புறம் இன்னொன்று. 1967-இல் சிக்கிம் எல்லையில் நாதுலாவில் அதே சீனப்படைக்கு நம் ஆட்கள் சரியான பதிலடி கொடுத்தார்களே, அப்போது ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்தவர் ஒரு பழைய போர்க்கைதி, நம் குமாரமங்கலம்தான். அப்பா அப்போது சர்வீஸில்தானே இருந்தார்? அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உனக்குக் கேட்கத் தோன்றவில்லையா?

அம்மா இருக்கும்போதே கேட்டு எழுதிவிடு. செஞ்சிலுவை வழியாக அப்பாவிடமிருந்து கடிதம் ஏதாவது வந்ததா, வீட்டுக்கு எப்போது தகவல் சொன்னார்கள், திரும்பி வந்தபோது எப்படி இருந்தார், இதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். உன் பெரியப்பா முகம் சுளிப்பார் என்று பயந்தால், என்னிடம் அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன். அச்சகத்தில் எப்போது கொடுக்கிறாய் என்று மட்டும் உடனே எழுது. ஒரு பக்கம் கூடுவதற்கு ஆகும் செலவு என்னுடையது.

உன்
பழனிச்சாமி