தொடங்கும் நாளைச் சீட்டு முடிவு செய்யட்டும்

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதமும் ஆய்வுத் திட்டமும் வந்து சேர்ந்தன. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம்.

திட்டத்தில் ஒரே ஓர் இடம்தான் உறுத்துகிறது. "பேஸ்லைன் நிலைபெற்றதும் டோக்கன் முறையைத் தொடங்குவோம்" என்று எழுதியிருக்கிறாய். அதாவது எதுவும் செய்யாமல் எண்ணிக்கை மட்டும் எடுக்கும் முதல் கட்டம் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான், நல்ல நடத்தைக்கு டோக்கன் கொடுத்துப் பரிசாக மாற்றும் முறை. நிலைபெற்றதா என்று யார் முடிவு செய்வது? பையன் இருக்கையை விட்டு எழுவது தொடர்ந்து சில செஷன்களில் அதிகமானால், இனிப் பொறுக்க முடியாது என்று டீச்சர் அன்றே தொடங்கிவிடுவார். அப்படி உச்சத்துக்குப் போன எண்ணிக்கை எதுவும் செய்யாமலேயே கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அந்த இறக்கமும் டோக்கனின் பலனாகக் கணக்கில் ஏறிவிடும். தொடங்கும் செஷனை முன்கூட்டியே சீட்டுக் குலுக்கி எடுத்துவிட்டால் இதற்கு இடமில்லை. உளவியல் ஆய்வாளர் யூஜின் எட்ஜிங்டன் 1970களிலேயே வலியுறுத்திய வழி இது.

ஆனால் குலுக்குவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டும். நீ 20 செஷன் வைத்திருக்கிறாய். தொடக்கத்துக்கு முன்னும் பின்னும் குறைந்தது 5 புள்ளிகள் வேண்டும் என்றால், 6ஆவது செஷனிலிருந்து 16ஆவது வரை, மொத்தம் 11 இடங்களில்தான் தொடங்க முடியும். பலன் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் பி மதிப்பு (பலனே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 1/11, அதாவது 0.09க்குக் கீழே இறங்காது. 29 செஷன் என்றால் 6 முதல் 25 வரை 20 இடங்கள், அப்போதுதான் வழக்கமான வரம்பான 0.05ஐ எட்டவாவது முடியும். அதற்கும் அந்த 20 இடங்களிலும் பிரித்துப் பார்த்ததில், உண்மையில் தொடங்கிய இடத்தின் முன்-பின் சராசரி வேறுபாடே முதலிடத்தில் நிற்க வேண்டும்.

நடத்தை தானாகவே முன்னேறிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தாய். 1, 2, 3 என்று 29 வரை ஒரே சீராக ஏறும் வரிசையை எடுத்துக்கொள். 6இல் பிரித்தாலும் 20இல் பிரித்தாலும் இரு பகுதிகளின் சராசரி வேறுபாடு 14.5தான். எல்லா இடமும் சமம், பி மதிப்பு 1. சீரான ஏற்றத்தைப் பலன் என்று இந்தச் சோதனை தவறாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த பண்பு இதுதான். மறுபக்கமும் உண்டு: பலன் மெல்ல மெல்ல வந்தால் சராசரி வேறுபாட்டால் அதைச் சரியாகப் பிடிக்க முடியாது. எந்த அளவையைக் கணக்கிடுவது, முதல் சில செஷன்களை விடுவதா கூடாதா என்பதையெல்லாம் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடு.

ஒரே குழந்தையை நம்புவதைவிட மல்டிபிள் பேஸ்லைன் (பல குழந்தைகளுக்கு வெவ்வேறு செஷனில் தொடங்கும் திட்டம்) உனக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். தொடக்கம் 6, 10, 14, 18ஆவது செஷன்கள் என்று வைத்து, எந்தக் குழந்தைக்கு எது என்பதை மட்டும் குலுக்கினால் நான்கு பேருக்கு 24 வரிசைகள். குறைந்தபட்ச பி மதிப்பு 0.042. மூன்று பேர்தான் கிடைத்தால் 6 வரிசைகளே, போதாது. அப்போது ஒவ்வொரு தொடக்கத்துக்கும் மூன்று மாற்று நாட்கள் கொடு: 6–8, 10–12, 14–16. 6 வரிசை, ஒவ்வொன்றிலும் 27 வழி, ஆக 162. ஆய்வாளர்கள் கோலரும் லெவினும் 1998இல் முன்வைத்த முறை இது.

இரண்டு உத்திகளை மாற்றி மாற்றிச் செய்து ஒப்பிடும் திட்டம், விட்டுவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் நடத்தைக்கு மட்டும்தான் சரிவரும். வாசிக்கக் கற்றதைத் திரும்பப் பறிக்க முடியாது அல்லவா? ஐந்து ஜோடிச் செஷன்களில் ஒவ்வொன்றிலும் எந்த உத்தி முதலில் என்று குலுக்கினால் 32 வரிசைகள். எது மேல் என்று முன்கூட்டிச் சொல்லாவிட்டால் குறைந்தபட்ச பி மதிப்பு 2/32 ஆகி 0.05ஐத் தாண்டிவிடும், ஆறு ஜோடி வைத்துக்கொள்.

குலுக்கலைக் குழந்தையோடு தொடர்பில்லாத ஒருவர் செய்யட்டும். அனுமதிக்கும் எல்லா வரிசைகளையும் முதலில் எண்ணிட்டுப் பட்டியலிடு. கணினியில் எடுத்தால், அதே குலுக்கலை மீண்டும் எடுக்க உதவும் சீட் (seed) எண்ணையும் குறித்து வை. டீச்சருக்கு முந்தைய நாள் தெரிந்தால் போதும். வந்த வரிசை பிடிக்கவில்லை என்று மறுபடி குலுக்கினால் எல்லாம் வீண். வேண்டாத வரிசைகளை முன்பே பட்டியலிலிருந்து நீக்கிவிடு; பகுப்பாய்விலும் அதே பட்டியல்தான் இருக்க வேண்டும். குழந்தை வராத நாளின் இடத்தைக் காலியாகவே விடு, அடுத்த நாளை அங்கே நகர்த்தாதே.

பேஸ்லைன் நிலைபெறுவதைக் கட்டாயம் பார்க்கத்தான் வேண்டும் என்றால், அதுவரை காத்திரு. அதற்குப் பிறகு வரும் செஷன்களுக்குள் குலுக்கு. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தையை மட்டும் சீட்டுக்காகக் காக்க வைக்காதே. அந்தக் குழந்தை இந்த ஆய்வில் வேண்டாம்.

எத்தனை குழந்தைகள், எத்தனை செஷன் என்பது உறுதியானதும் எழுது. வரிசைப் பட்டியலை நானும் ஒருமுறை சரிபார்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
கமலா