சின்னம் மட்டும்தான் ஜெயிச்சுதுங்களா?

ஆசிரியருக்கு வணக்கமுங்க. அதிமுகவுல பல வருஷம் இருந்த செங்கோட்டையனப் பத்தி எங்க பேச்சு வந்தாலும் ரெட்டை இலை இருந்துச்சு ஜெயிச்சாரு, அவ்ளோதான்னு சொல்லி முடிச்சர்றாங்க, எங்க கோபி பக்கம் ஓட்டு போடறவங்களுக்கு இது ரொம்ப வருத்தமுங்க. 1977-ல சத்தியமங்கலத்துல மொதல்ல ஜெயிச்சாரு, 1980-ல இருந்து கோபிச்செட்டிபாளையம், 2021 வரைக்கும் மொத்தம் 9 தடவ எம்.எல்.ஏ. அதுல 1989 தேர்தல யாருமே சொல்றதில்ல, எம்ஜிஆர் போனப்பறம் கட்சி ரெண்டா ஒடஞ்சு ரெட்டை இலைய முடக்கி வெச்சிருந்தாங்க, ஜெயலலிதா அணிக்கு சேவல் சின்னம், அந்தச் சேவல்லயே நின்னு கோபில ஜெயிச்சாருங்க. அதே ரெட்டை இலை இருந்தும் 1996-ல திமுக கிட்ட தோத்தாரு, திரும்ப சட்டசபைக்குப் போனது 2006-லதான். ரெண்டையும் சேத்துப் பாத்தாத்தான எங்க சனம் எப்படி ஓட்டு போடுதுன்னு தெரியும்?

2017-ல பள்ளிக்கல்வி அமைச்சரா இருந்தப்ப பத்தாவது, பன்னெண்டாவது ரிசல்ட்ல ரேங்க் லிஸ்ட் வெளியிடறத நிறுத்துனாங்க, பெத்தவங்களுக்கு அது எவ்ளோ பெரிய நிம்மதி. அவரு கட்சிய ஆதரிக்கறவனா இத எழுதலைங்க. எந்தக் கட்சி வேட்பாளரா இருந்தாலும் தேர்தல் நேரத்துல ஜெயிச்சது, தோத்தது, பதவில செஞ்சது, செய்யாதது எல்லாத்தையும் ஒரே பக்கத்துல தொகுதிவாரியா போடுங்க, ஜாதிக்கணக்கு போடற எடத்துல இதப் போட்டா போதுமுங்க.

- ஒரு வாசகர், கோபி