ஆரல்ஸ்க் கதையில் நீங்கள் விட்டுவிட்ட பாதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இதழில் ஆரல் கடலைப் பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. மணலில் துருப்பிடித்து நிற்கும் கப்பல், அதன் நிழலில் ஒதுங்கிய ஒட்டகம், 'செத்துப்போன கடல்' என்று தலைப்பு. எழுதியவர் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் 1990களோடு கதையை நிறுத்திவிட்டார், அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களைப் போன்ற கடற்கரைக்காரர்களுக்குத் தெரிய வேண்டியது. நான் மண்டபத்தில் ஒரு ஐஸ் பிளாண்டில் கணக்குப் பார்க்கிறவன். மீன் வந்தால்தான் எங்களுக்கு வேலை. அதனால் அந்தக் கடலைவிட, அதன் கரையில் இருந்த ஆரல்ஸ்க் என்ற சின்னத் தொழில் நகரத்தைப் பற்றித்தான் தேடித்தேடிப் படித்திருக்கிறேன்.

கஜகஸ்தானில் கிசிலோர்தா மாகாணத்தில் இருக்கிறது அந்த ஊர். ஆரலைக் கடல் என்று சொன்னாலும் அது நிலத்துக்கு நடுவில் இருந்த ஏரிதான், 1960ல் சுமார் 68,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். தண்ணீரில் உப்பு நம் கடலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஏரியின் வடகிழக்கு மூலையில் 1905, 1906 வாக்கில் ஓரன்பர்க்கிலிருந்து தாஷ்கண்ட் போகும் ரயில் பாதை வந்தது, ஸ்டேஷனைச் சுற்றி ஊர் வளர்ந்தது. தண்ணீரும் தண்டவாளமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் மீன் தொழில் பிடித்துக்கொள்ளும் என்பதைப் பாம்பன், மண்டபத்துக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மீன் பதப்படுத்தும் ஆலை, படகு பழுது பார்க்கும் பட்டறை, துறைமுகம் எல்லாம் வந்தன. 1921ல் வோல்கா பக்கம் கடும் பஞ்சம் வந்தபோது லெனின் ஆரல் மீனவர்களுக்குக் கடிதம் எழுதி உதவி கேட்டார், அவர்கள் 14 ரயில் பெட்டி நிறைய மீன் அனுப்பினார்கள். ஆரல்ஸ்க் ரயில் நிலையத்துச் சுவரில் அதைச் சித்திரமாகப் பதித்து வைத்திருக்கிறார்கள்.

அழிந்த விதத்தை உங்கள் கட்டுரையே சொல்லிவிட்டது. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த அமு தரியா, சிர் தரியா என்ற இரண்டு ஆறுகளையும் சோவியத் ஆட்சியில் பருத்திக்கும் நெல்லுக்கும் திருப்பினார்கள், 1954ல் தொடங்கிய காரகும் கால்வாய் ஒன்றே 1,300 கிலோமீட்டருக்கு மேல் நீளம், மண் கால்வாய் என்பதால் வழியிலேயே ஏகப்பட்ட தண்ணீர் மணலுக்குள் இறங்கியது. கடல் மட்டத்துக்கு மேல் 53 மீட்டரில் நின்ற ஏரி மட்டம் 1980களின் கடைசியில் 40 மீட்டர் அளவுக்கு வந்து, ஏரியே வடக்கு தெற்காக இரண்டாக உடைந்துபோனது. ஆரல்ஸ்க்கிலிருந்து தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் வரை விலகிப் போய்விட்டது.

இதில் என் மனதை விட்டுப் போகாத விஷயம் ஒன்று உண்டு. வருஷத்துக்கு 40,000 டன்னுக்கு மேல் மீன் கொடுத்த ஏரியில் 1980களின் தொடக்கத்தில் மீன்பிடித் தொழிலே நின்றுபோன பிறகும், ஆலையை மூடவில்லை. பால்டிக் கடலிலிருந்தும் பசிபிக்கிலிருந்தும் உறைய வைத்த மீனை ரயிலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுவந்து அங்கே டின்னில் அடைத்தார்கள். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் மேற்குக் கரை மீன் லாரியை எதிர்பார்த்துக்கொண்டு இருப்போம் நாங்கள், ஏப்ரல் 15ல் தொடங்கினால் ஜூன் 14ல் முடிந்துவிடும் என்ற தெம்பு இருக்கிறது. அவர்களுக்குத் தடைக்காலம் முடியவே இல்லை. சோவியத் யூனியன் கலைந்ததும் அந்த ரயில் மீனும் நின்றது, ஊரில் பல பேர் பிழைப்புத் தேடிப் போனார்கள்.

அந்த ஊர் பட்ட பாடு இதோடு போகவில்லை. ஏரிக்குள் ஒரு தீவில் ராணுவம் கிருமி ஆயுதச் சோதனை நடத்தியது, 1971ல் ஆரல்ஸ்க்கில் பெரியம்மை பரவி 10 பேருக்கு வந்தது, 3 பேர் இறந்தார்கள். ஊர் ஓரளவு தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம் உப்பு. பக்கத்து உப்பேரியிலிருந்து உப்பு எடுக்கும் ஆலை நிற்காமல் ஓடியது. வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வேலை எப்படி இருக்கும் என்று தெரியும்.

சரி, விட்டுப்போன பாதிக்கு வருகிறேன். 1992ல் உள்ளூர்க்காரர்கள் வடக்குத் துண்டையாவது காப்பாற்றுவோம் என்று மணலைக் கொட்டி ஒரு கரை போட்டார்கள். அது உடைந்தது, மறுபடி போட்டார்கள், மறுபடி உடைந்தது, 1999ல் புயலில் மொத்தமாகப் போனது. ஆனால் கரை நின்றிருந்த காலத்தில் தண்ணீர் ஏறியதை எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள். அதனால்தான் உலக வங்கிக் கடனோடு 2005ல் 13 கிலோமீட்டர் நீளத்துக்கு கோக்-ஆரல் அணை வந்தது. நிரம்பச் சில ஆண்டுகள் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள், ஓர் ஆண்டுக்குள் 42 மீட்டரைத் தொட்டுவிட்டது. 1990களில் அங்கே பிழைத்திருந்தது அசோவ் கடலிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரே ஒரு தட்டை மீன், நம் எருமை நாக்கு மாதிரி. அதைப் பிடிக்க டென்மார்க் மீனவர்கள் வந்து வலை கொடுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அணைக்குப் பிறகு உப்பு குறைந்தது, சிர் தரியா வழியாகக் கெண்டை வகைகள் திரும்பி வந்தன, 2016 வாக்கில் வருஷத்துக்கு 7,000 டன்னுக்கு மேல் மீன். ஆரல்ஸ்க்கில் மறுபடி மீன் ஆலைகள் ஓடுகின்றன, ஐரோப்பாவுக்குப் போகிறது சரக்கு. தண்ணீர் இன்னும் ஊர் வாசல் வரை வரவில்லை. தெற்குப் பக்கத்தைக் கைவிட்டுத்தான் வடக்கைப் பிழைக்க வைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், தெற்குத் துண்டின் கிழக்குப் பகுதி 2014ல் முழுசாகக் காய்ந்தே போனது.

இதை நான் எழுதுவதற்குக் காரணம், கஜகஸ்தான் மேல் உள்ள பாசம் மட்டும் இல்லை. மழைக்காலம் வந்தால் உங்கள் பத்திரிகை உட்பட எல்லாவற்றிலும் 'கடலில் வீணாகக் கலக்கும் நீர்' என்று ஒரு செய்தி வரும். வைகை எங்கள் மாவட்டத்துக்கு வருவதே அபூர்வம். 1959ல் அணை கட்டிய பிறகு, மதுரை, சிவகங்கை தாண்டி, ராமநாதபுரம் பெரிய கண்மாய் பெருகி, மிச்சம்தான் ஆற்றங்கரை வழியாகப் பாக் நீரிணைக்குப் போகிறது. அந்த மாதிரி ஒரு வருஷத்தில் ஆற்றங்கரை முகத்துவாரத்துக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீர் செம்மண் கலரில் ஒரு பக்கமும் பச்சையாக ஒரு பக்கமும் ஓடும், இரண்டும் சேரும் கோட்டில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வீச்சு வலை போடுவார்கள், வலையை இழுத்தால் மடவை துள்ளும். வெள்ளை இறால் கடலில் முட்டையிட்டாலும் குஞ்சு வளர்வது இப்படிப்பட்ட உப்பு குறைந்த கழிமுகத்தில்தான். முகத்துவாரத்துக்கு ஆறு வராவிட்டால் இறால் வரத்தும் சுருங்கும், அப்புறம் ஐஸ் பிளாண்டில் எனக்கு என்ன கணக்கு இருக்கிறது?

கண்மாய்க்கு நீர் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. என் அம்மா வீடு சம்சாரி வீடுதான், கடைமடைக்குத் தண்ணீர் வராத கஷ்டம் எனக்குத் தெரியும். கண்மாயும் நிறையட்டும், முகத்துவாரத்துக்கும் ஒரு பங்கு இருக்கட்டும். அந்தப் பங்குக்கு 'வீண்' என்று பெயர் வைக்கத் தொடங்கினால், ஆறு ஏரிக்குப் போவதே வீண் என்று ஆரலின் ஆறுகளைத் திருப்பிவிட்ட சோவியத் நிபுணர்கள் போட்ட அதே கணக்கைத்தான் நாமும் போடுகிறோம்.

எனவே இரண்டு வேண்டுகோள். கட்டுரையின் இரண்டாம் பகுதியாக கோக்-ஆரல் அணையையும் இன்றைய ஆரல்ஸ்க்கையும் பற்றி எழுதச் சொல்லுங்கள். அடுத்து, வரும் மழைக்காலத்துக்கு முன்பே உங்கள் நிருபரை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கும் ஆற்றங்கரைக்கும் அனுப்புங்கள். எந்த மாதத்தில் எவ்வளவு நன்னீர் வந்தால் அந்த முகத்துவாரம் பிழைக்கும் என்று கேட்டு, பதிலைக் கண்மாய் நீர்மட்டம் போடும் அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
மண்டபம் வாசகர் ஒருவர்