மூச்சு விடும் இடம் தாளில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயர்லாந்தின் மரபு மெட்டுகளை மரப் புல்லாங்குழலில் கற்பது பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று இந்த இசைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால், மெட்டுகள் எல்லாம் எளியவை என்றும், சுரம் எழுதிய தாளும் ஒரு குழலும் கையில் இருந்தால் நம் ஊர்ப் புல்லாங்குழல் தெரிந்தவர் ஒரே மாதத்தில் வாசித்துவிடலாம் என்றும் அதில் எழுதியிருந்ததை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. பள்ளிப் பருவத்தில் கும்பகோணத்தில் எட்டு ஆண்டுகள் குழல் கற்றவள் நான். செவிலியர் வேலைக்காக அயர்லாந்தின் வடமேற்கே ஸ்லைகோவுக்கு வந்து, கட்டுரை சொல்லும் அதே வழியில் ஐரிஷ் குழலைத் தொடங்கி, அந்த வழி போய்ச் சேராது என்று கண்டு திரும்பியவள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு வரலாற்றுத் திருத்தம். கட்டுரை இதைக் கெல்ட்டியரின் பழங்கருவி என்கிறது. இன்று ஐரிஷ் புல்லாங்குழல் என்று விற்கப்படுவது, 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் ருடால் அண்ட் ரோஸ் போன்ற பட்டறைகள் கச்சேரி மேடைக்காகக் கடைந்த குழலின் வழியில் வந்தது. விரலால் நேரே மூடும் ஆறு துளைகள், கீழே போகப் போக ஒடுங்கும் உட்குடைவு, விலை கொடுக்க முடிந்தவர்களுக்குச் சில உலோகச் சாவிகள், அவ்வளவுதான் அதன் அமைப்பு. ஜெர்மனியைச் சேர்ந்த தியோபால்ட் போம் 1847இல் ஒடுங்காத உட்குடைவுள்ள உலோகக் குழலைக் கொண்டுவந்த பிறகு மேடைக் கலைஞர்கள் சிறிது சிறிதாக அதற்கு மாற, பழைய மரக்குழல்கள் மலிவாகக் கைமாறின. அவற்றில் பல அயர்லாந்தின் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தன. அதிலும் ஸ்லைகோ, ராஸ்காமன், லீட்ரிம் ஆகிய பக்கத்துப் பக்கத்து மாவட்டங்கள் குழலுக்கென்றே பெயர் பெற்றன. வெளியிலிருந்து வந்த வயலினை மடியில் சாய்த்து நமதாக்கிக்கொண்ட நமக்கு இது புரியாத கதை இல்லை.

இனி கடிதத்தின் காரணத்துக்கு வருகிறேன். நான் தாளைப் பார்த்துக் கற்ற முதல் மெட்டு, ரீல் எனப்படும் விரைவான ஆட்ட மெட்டு. அளவு என்பது தாளில் இரு நெடுங்கோடுகளுக்கு இடைப்பட்ட தாளக் கட்டம். எட்டு அளவு கொண்ட முதல் பகுதி இருமுறை, எட்டு அளவு கொண்ட இரண்டாம் பகுதி இருமுறை, ஆக மொத்தம் 32 அளவு. ஓர் அளவுக்கு எட்டுச் சுரம் வீதம், ஆட்டத்துக்குரிய வேகத்தில் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 35 விநாடி ஆகும். தாளில் ஓர் ஓய்வுக்குறிகூடக் கிடையாது. ஒரு மாதத்தில் மனப்பாடம் செய்து, ஒரு சுரம் பிசகாமல் வாசிக்கும் துணிவோடு, ஊர்க் குடிக்கடை ஒன்றின் மூலையில் வாரந்தோறும் பலர் கூடி வாசிக்கும் செஷனுக்குப் போனேன். இரண்டு ஃபிடில் (வயலினுக்கு இங்கே அதுதான் பெயர்), ஓர் அக்கார்டியன், ஒரு குழல். நான் இரண்டாவது குழல். அந்த மெட்டு வந்ததும் சேர்ந்துகொண்டேன். நான்காவது அளவில் மூச்சு முட்டியது. நின்று இழுத்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பதற்குள் மெட்டு எங்கோ போய்விட்டிருந்தது. ஓடும் பேருந்தில் ஏறத் தவறியவள்போல அடுத்த சுற்றின் தொடக்கத்துக்காகக் காத்திருந்து ஏறினேன். மறுபடியும் அதே இடத்தில் விழுந்தேன். முடிந்த பின், அருகில் குழல் வாசித்த முதியவர் என் பக்கம் சாய்ந்து, “எல்லாச் சுரத்தையும் வாசிக்கப் பார்க்கிறீர்கள். இங்கே யாரும் அப்படி வாசிப்பதில்லையே” என்றார்.

அவர் சொன்னதன் பொருள் விளங்க எனக்கு ஓராண்டு ஆனது. இந்த மெட்டுகள் பெரும்பாலும் ஆட்டத்துக்கானவை. நடுவே நிற்க இடம் வைக்காமல் பின்னப்பட்டவை. ஃபிடிலுக்கும் அக்கார்டியனுக்கும் அதனால் கவலை இல்லை. குழல்காரர் மட்டும் ஒரு சுரத்தை விட்டுக்கொடுத்துத்தான் மூச்சு வாங்க முடியும். எந்தச் சுரத்தை விடுவது என்பதுதான் கலை. தாளம் விழும் சுரத்தை விட்டால் ஆடுகிறவரின் கால் தடுமாறும். மெட்டு திரும்பும் முனையில் உள்ளதை விட்டால் மெட்டே அடையாளம் தெரியாமல் போகும். நீளச் சுரம் ஒன்றின் வாலைக் கத்தரித்தால் கேட்பவருக்கு அது குறையாகத் தெரியாமல், ஓர் அழுத்தமாக, ஒரு உந்தலாகக் கேட்கும். முதற்சுற்றில் விட்ட இடத்தில் அடுத்த சுற்றில் விடாமல் வேறோர் இடத்தில் விட்டால், ஒரே மெட்டு இரண்டு முகம் காட்டும். ஸ்லைகோ, ராஸ்காமன் பக்கத்து வாசிப்பில் நான் முதலில் குறை என்று எண்ணிய அந்த வெட்டுவெட்டான மூச்சுதான் அந்தப் பக்கத்துக் கையெழுத்து என்று பிறகு தெரிந்தது. அச்சிட்ட தாளில் இதில் ஒன்றுகூட இருப்பதில்லை.

அந்த முதியவரிடமே பாடம் கேட்கத் தொடங்கினேன். பால்மாடு வைத்துப் பிழைத்து ஓய்ந்தவர். சுரம் எழுதவோ படிக்கவோ தெரியாதவர். திங்கட்கிழமை மாலை, அவர் வீட்டுச் சமையலறை. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும். நாய் மேசைக்கு அடியில் படுத்திருக்கும். அவர் இரண்டு அளவு வாசித்து நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பார். நான் திருப்பி வாசிக்க வேண்டும். தவறினால் எது தவறு என்று சொல்ல மாட்டார். அதையே மறுபடி வாசிப்பார், இம்முறை குழலைச் சற்று என் பக்கம் திருப்பி, விரல் தெரியும்படி. முதல் நாள் ஒன்றேகால் மணி நேரத்தில் நான் கொண்டுபோனது ஜிக் என்னும் இன்னொரு வகை ஆட்ட மெட்டின் பாதி, எட்டே அளவு. எரிச்சலோடுதான் வீடு திரும்பினேன். மறுநாள் இரவுப் பணியில், மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வார்டில் போகும்போது அந்த எட்டு அளவும் தானாக வாயில் வந்தது. ஒரு மாதம் தாளில் கற்ற ரீல் ஒருநாளும் அப்படி வந்ததில்லை. கும்பகோணத்து நோட்டுப் புத்தகம் அப்போது நினைவுக்கு வந்தது. அதில் கீர்த்தனை இருக்கும், சுரத்தை அசைத்தும் வழுக்கியும் உயிரூட்டும் கமகம் இருக்காது. அதை வைத்துக்கொண்டு கச்சேரிக்குப் போகலாம் என்று நம்மில் யாராவது சொல்வோமா?

ஜிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் மும்மூன்றாக ஆறு சுரமும் ஒரே நீளம்; நாம் பார்த்தவுடன் திஸ்ரம் என்று தட்டத் தொடங்குவோம். வாசிப்பிலோ மூன்றில் முதலாவது சற்று நீண்டு, நடுவில் உள்ளது குறுகி நழுவும். எவ்வளவு நீளும், எவ்வளவு குறுகும் என்பதை எழுத்தில் அடைக்க முடியாது. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். ஒன்பது எண்ணிக்கை கொண்ட ஸ்லிப் ஜிக்கில் நான் இன்னும் வேடிக்கையாக ஏமாந்தேன். ஒன்பது என்றதும் என் கை சங்கீர்ணமாக நாலும் ஐந்துமாகப் பிரித்துத் தட்டிவிட்டது. அது மூன்று மூன்றாக உருளும் ஒன்பது.

நம் குழல்காரருக்கு அதிகச் சங்கடம் தருவது ரோல் என்னும் அலங்காரம். ஒரு சுரத்தைப் பிடித்திருக்கும்போதே மேல்விரல் ஒன்றைக் கண்ணிமைக்கும் நேரம் தூக்கி மூடுவதும், உடனே கீழ்த்துளை ஒன்றை விரலால் தட்டி எடுப்பதும் சேர்ந்தது அது. முன்னதைக் கட் என்பார்கள், பின்னதைத் தட்டு என்று நாமே சொல்லிக்கொள்ளலாம். நான் முதலில் அதைக் கமகமாக்கினேன். மேல்சுரத்தைத் தொட்டு வழுக்கி இறங்கினேன். “அந்தச் சுரம் என் காதில் விழுகிறது, விழக்கூடாது” என்றார் அந்த முதியவர். அந்த விரல் வேறொரு சுரத்தைக் காட்டுவதற்காகத் தூக்கப்படவில்லை. ஒரே சுரத்தை மூன்றாகக் கொத்துவதற்காகத் தூக்கப்படுகிறது. அது மிருதங்கத்தின் வேலை, வீணையின் வேலை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட பிறகுதான் விரல் வழிக்கு வந்தது. நாம் துத்துக்காரத்தால் நாவைக் கொண்டு பிரிக்கும் சுரங்களைப் பெரும்பாலும் இவர்கள் தொண்டையை அடைத்துத் திறந்தோ விரலாலோ பிரிக்கிறார்கள். தட்டுவதற்குக் கீழே துளை இல்லாத அடிச்சுரத்தில், ‘கட்’ என்பதையே வேறு வேறு விரலால் அடுத்தடுத்துப் போடும் கிரான் என்றொரு முறை உண்டு. அது இல்லன் பைப்ஸ் எனப்படும், முழங்கையால் துருத்தி அழுத்தி வாசிக்கும் கருவியிலிருந்து வந்தது. ராஸ்காமன் மாவட்டத்தின் பாலஹடரீனில் 1947இல் பிறந்த மாட் மல்லாய், பைப்ஸின் இத்தகைய கைவேலைகளைக் குழலில் ஏற்றிக் காட்டியவர்களில் முதன்மையானவர். அவர் பதிவைக் கேட்டுவிட்டு நேரே அதற்குத் தாவுவது, வர்ணம் தெரியாமல் பல்லவிக்குப் போவது போல.

எழுதி வைத்த தாளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த மெட்டுகளைப் பெரிய அளவில் அச்சேற்றிய ஃபிரான்சிஸ் ஓநீல் தாமே குழல் வாசித்தவர். 1848இல் கார்க் மாவட்டத்தில் பாண்ட்ரிக்கு அருகே பிறந்து, சிறு வயதில் கப்பலேறி, 1901 முதல் 1905 வரை சிகாகோ நகரக் காவல்துறையின் தலைவராக இருந்தவர். 1903இல் 1,850 மெட்டுகளும், 1907இல் ஆட்ட மெட்டுகளாக 1,001ம் கொண்ட அவரது தொகுப்புகள் இன்றும் இங்கே பல வீடுகளில் உண்டு. ஆனால் தலையில் சுமந்திருந்த மெட்டுகளை அவர் ஊதியும் பாடியும் காட்ட, எழுதிக்கொண்டவர் அதே காவல்துறையில் இருந்த ஃபிடில்காரர் ஜேம்ஸ் ஓநீல். காதால் கற்ற ஒருவர், ஏற்கெனவே காதில் மெட்டு உள்ளவர்களுக்காக அச்சிட்ட புத்தகம் அது. மறந்துபோன வரியை நினைவூட்ட அது போதும். கற்பதற்கு ஒலிப்பதிவு நல்ல துணை: லீட்ரிம் மாவட்டத்தில் 1880இல் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய ஜான் மெக்கென்னா 1920களிலும் 30களிலும் இசைத்தட்டுகளில் விட்டுப்போன குழலை வேகம் குறைத்து ஓடவிட்டுக் கேட்டால், அவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று எண்ணிச் சொல்லிவிடலாம். நான் எண்ணியிருக்கிறேன்.

நம் பயிற்சி வீண் என்றும் வாசகர் எண்ண வேண்டாம். இந்தக் குழலில் எல்லாத் துளைகளையும் மூடினால் வருவது மேற்கத்திய இசையின் டி சுரம். அதை சட்ஜமாகக் கொண்டால் வரிசையாக விரல் எடுக்க வருவது சங்கராபரண ராகம். அதே விரல்களில் ரிஷபத்தை ஆதாரமாக்கினால் கரகரப்பிரியா, பஞ்சமத்தை ஆதாரமாக்கினால் அரிகாம்போதி. ஐரிஷ் மெட்டுகளில் பெரும்பகுதி இந்தச் சில வீடுகளுக்குள்ளேயே குடியிருக்கிறது. இப்படி ஆதாரத்தை மாற்றி வேறு ராகம் காணும் கிரகபேதம் பழகிய காதுக்கு மெட்டின் ஆதார சுரம் எது என்று முதல் வரியிலேயே பிடிபட்டுவிடும். எனக்குக் கும்பகோணம் இங்கே செய்த பெரிய உபகாரம் அது. ஐரோப்பிய மெட்டுகளில் அமைந்த முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு சுரங்களைச் சிறு வயதில் பாடியவர்கள், ஐரோப்பிய மெட்டின் நேர்நடை நமக்கு அன்னியமில்லை என்பதையும் அறிவார்கள்.

குழல் வாங்கக் கட்டுரை காட்டும் அவசரமும் தேவையற்றது. நல்ல தயாரிப்பாளரின் மரக்குழல் பெரும்பாலும் ஆயிரம் யூரோவைத் தாண்டும். தகர விசில் சில யூரோவுக்குக் கிடைக்கும். விரல் போடும் முறை ஏறக்குறைய அதேதான். ஓராண்டு அதில் மெட்டுகளைக் காதில் ஏற்றிக்கொண்டு பிறகு குழலுக்குப் போகலாம். மரக்குழலைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுருதி சேர்ப்பதற்காகத் தலைப்பகுதிக்குள் உலோகக் குழாய் பதித்திருப்பார்கள். காற்று வறண்டால் மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது. என் குழலைச் சென்னைப் புழுக்கம் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வாரம் ஏசி அறையில் பெட்டியைத் திறந்து வைத்திருந்ததில் தலைப்பகுதியில் முடி அளவு விரிசல் விழுந்தது. கருமரத் தூளும் பசையும் வைத்து அடைத்துக் கொடுத்தார்கள். இப்போது வாசித்ததும் உள்ளே துடைத்து, மூடிய பெட்டியில், ஈரத்துணி வைத்த சிறு டப்பா ஒன்றோடு வைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. கட்டுரையோடு ஐரிஷ் மரக்குழல் என்று வெளியிட்டிருந்த படத்தில் இருப்பது நம் மூங்கில் குழல். எட்டுத் துளைகளும் எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் தெளிவாகவே தெரிகின்றன. அடுத்த ஞாயிறு இணைப்பில் சரியான படத்தை வெளியிட்டால் நன்றி உடையவளாவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஸ்லைகோ, அயர்லாந்து.