மூன்று நூலக அட்டைகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் தாமதமானதால் அம்மா கவலைப்பட்டிருப்பார். நான் நலமாகவே இருக்கிறேன் என்று சொல்லுங்கள். சம்பளத்தையெல்லாம் புத்தகம் வாங்கிக் கரைக்கிறேனா என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றுகூட வாங்கவில்லை, அப்பா. படிப்பவை எல்லாம் நூலகத்தில் இரவல் பெறும் மின்னூல்களே.

நியூயார்க் ஒரே நகரம் என்றாலும் இங்கே பொது நூலக அமைப்புகள் மூன்று. 1898இல் ஐந்து பகுதிகளும் ஒரே நகரமாக இணைந்தபோதும் நூலகங்கள் இணையவில்லை. அதனால் குவீன்ஸுக்கும் புரூக்ளினுக்கும் தனித்தனி நூலகங்கள். மற்ற மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து நியூயார்க் பொது நூலகம். இம்மாநிலத்தில் குடியிருப்பவர் எவரும் மூன்றிலும் கட்டணமின்றி அட்டை பெறலாம். இதை எனக்குச் சொன்னவர் மாடிவீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. எதிரில் பார்த்தால் முகம் கொடுத்துப் பேசாதவர், புத்தகப் பேச்சு வந்துவிட்டால் படிக்கட்டிலேயே நிறுத்திவைத்துப் பேசுவார், எளிதில் போகவிட மாட்டார். வாடகை ஒப்பந்தம் என் பெயரில் இல்லாததால் (நண்பர்களோடு சேர்ந்திருப்பது வசதியாகவே இருக்கிறது) வங்கி எனக்கு அனுப்பிய கடிதத்தை முகவரிச் சான்றாகக் காட்டினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

மின்னூல்களைப் பெரும்பாலும் நூலகங்கள் விலைக்கு வாங்கி வைத்துக்கொள்வதில்லை. பதிப்பகங்களிடம் உரிமம் பெறுகின்றன. ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவரே படிக்கலாம் என்பது வழக்கமான நிபந்தனை என்பதால், பலரும் கேட்கும் நாவலுக்கு வரிசை மாதக்கணக்கில் நீள்கிறது. லிப்பி என்னும் செயலியில் மூன்று அட்டைகளையும் சேர்த்துவிட்டால், எந்த நூலகத்தில் எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். மூன்றிலும் முன்பதிவு செய்துவைத்து, ஓரிடத்தில் கிடைத்தவுடன் மற்ற இரண்டையும் நீக்கிவிடுகிறேன்; நமக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு அதுதான் நியாயம். தவணை முடிந்ததும் நூல் தானாகவே திரும்பிவிடும். அச்சு நூல்களுக்கான தாமத அபராதத்தையும் 2021இல் மூன்று நூலகங்களும் கைவிட்டுவிட்டன. எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதால், உங்கள் கண்ணுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன். என் அட்டையை உங்களுக்கு அனுப்பிவிடலாம் என்றால், அது இம்மாநிலத்தில் குடியிருப்பவர், வேலை பார்ப்பவர், படிப்பவர் போன்றோருக்கே உரியது.

இரவில் நெடுநேரம் படிக்கிறேன். முடித்தவுடன் கதையைச் சொல்ல ஆள் தேடுகிறது மனம். நான் சொல்லச் சொல்ல "அப்புறம்?" என்று கேட்பீர்களே, அந்தக் குரல் இல்லாமல் படிப்பது பாதிப் படிப்பாகவே இருக்கிறது, அப்பா.

அண்ணன் வீடு மாற்றும்போது என் அலமாரியை என்ன செய்வதென்று கேட்டிருந்தீர்கள். அகராதிகளையும் நீங்கள் பெயரெழுதிக் கொடுத்தவற்றையும் அத்தையின் பரணில் வைத்துவிடுங்கள். கதைப் புத்தகங்களை அக்கா மகள் எடுத்துக்கொள்ளட்டும். எஞ்சியவற்றை நம் கிளை நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம். உங்கள் கண் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு தவணையாகப் பணம் அனுப்புகிறேன். முதல் தவணை இம்மாதக் கடைசியில் வந்துவிடும். மருத்துவர் சொன்ன தேதியை அண்ணனிடம் சொல்லி உடனே எழுதச் சொல்லுங்கள்.

அன்பு மகன்