முலாஞ்சேல இருந்து ஒரு நன்றி மடல்

அன்பான போதகர் ஐயருக்கும் ஐயரம்மாவுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமாருக்கும், வாலிபர் ஐக்கியத்து தம்பி தங்கச்சிங்களுக்கும் ஸ்தோத்திரம். ஆப்பிரிக்கால இருக்கிற மலாவிக்கு மிஷன் ஊழியத்துக்கு வந்ததுல இருந்து எழுதணும் எழுதணும்னுதான் நெனைக்கேன், கரண்ட் இருந்தா நெட் இல்ல, நெட் இருந்தா கரண்ட் இல்ல. இன்னைக்கு ரெண்டும் இருக்கு, போறதுக்குள்ள அடிச்சிடுதேன்.

மொதல்ல டிக்கெட். மும்பை, அடிஸ் அபாபா, பிளாண்டயர்னு வந்த டிக்கெட்டுல பாதிக்கு மேல பிடியரிசி காசுன்னு ஐயரம்மா சொன்னாங்க. உலை வைக்கும்போது ஒரு பிடிய தனியா எடுத்துவச்சு கோயில்ல கொண்டுவந்து கொட்டின அரிசி, அத வித்த காசு. யார் யார் வீட்டு அரிசின்னு எனக்குத் தெரியும், ரேஷன் அரிசில எடுத்தவங்களும் அதுல உண்டு. அந்த அம்மாமாருக்குத்தான் மொத நன்றி.

அடுத்து அத்தைக்கு, அந்த ஸ்வெட்டருக்கு. ஆப்பிரிக்காவுக்கு ஸ்வெட்டரான்னு சிரிச்சவங்க எல்லாம் ஜூன் மாசம் முலாஞ்சேக்கு வந்து பாக்கணும். மொசாம்பிக் பக்கம் இருந்து சிப்பெரோனின்னு ஒரு தூத்தல் வரும், பனி மாதிரி இறங்கி நாள் கணக்கா விடாது, 3000 மீட்டர் மலை பக்கத்துலயே நிக்குது ஆனா கண்ணுக்குத் தெரியாது, தேயிலைத் தோட்டம் மட்டும் பச்சையா தெரியும். துவைச்ச சட்டை காயவே காயாது.

இனி நான் சொல்லப்போறவங்கள உங்களுக்குத் தெரியாது, அதனாலதான் கொஞ்சம் நீட்டி எழுதுதேன். நான் தங்கியிருக்கிற வீட்டு பாட்டிய இங்க எல்லாரும் அகோகோன்னு கூப்பிடுவாங்க, நானும் அப்படித்தான். சாப்பாட்டுக்கு முன்னால ஒரு செம்புல வெந்நீர் கொண்டுவந்து நம்ம கைல ஊத்துவாங்க, கீழ பேசின் பிடிச்சிருப்பாங்க. நாமளே கழுவிக்கிடுதோம்னு சொன்னா விடமாட்டாங்க. அப்புறம் ன்சீமா, மக்காச்சோள மாவுல கிண்டின களி, தொட்டுக்க கீரையோ, ஏரில பிடிச்ச உசிப்பான்னு பொடி மீன் கருவாடோ இருக்கும். கருவாடு வாசம் வந்ததும் எனக்கு ஊர் ஞாபகம் போயே போச்சு, பெறவு சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்ல.

எனக்கு மலேரியா வந்த விஷயம் அம்மாட்ட அப்ப சொல்லல, இப்ப சரியாப்போச்சு, யாரும் பயப்பட வேண்டாம். ராத்திரி நடுக்கம் வந்ததும் அகோகோதான் பக்கத்து வீட்டு பையன எழுப்பி, அவன் கபாசால, அதாவது வாடகைக்கு ஓட்டுற சைக்கிள் பின்னால என்னை உக்கார வச்சு, சித்தேன்ஜேன்னு பொம்பளைங்க இடுப்புல சுத்திக்கிற துணியால அவன் முதுகோட சேர்த்துக் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க. விரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சின்ன பட்டைல விட்டாங்க, கால் மணி நேரத்துல ரெண்டு கோடு, அப்படின்னா மலேரியாதான். வேளைக்கு நாலு மாத்திரை, மூணு நாளைக்கு. வெறும் வயித்துல போடக்கூடாதுன்னு நர்ஸ் சொன்னதால அகோகோ நிலக்கடலைய இடிச்சு கஞ்சில போட்டு பக்கத்துல உக்காந்து குடிக்க வச்சாங்க. அந்தப் பையன் காசு வாங்கல.

பிளாண்டயரை ஒட்டி இருக்கிற லிம்பேல மளிகைக்கடை வச்சிருக்கிற குஜராத்தி அண்ணனுக்கும் நன்றி சொல்லணும். அவங்க தாத்தா காலத்துலயே வந்த குடும்பமாம். துவரம்பருப்பும் மிளகாத்தூளும் வாங்கப் போனேன், இந்து கடைக்காரர், நான் எதுக்கு வந்திருக்கேன்னு தெரிஞ்சும் ஒரு பாக்கெட் புளிய சும்மா எடுத்து பைல போட்டாரு.

ஸ்கூல்ல ஆறாம் வகுப்புக்கு கணக்கு எடுக்கேன். 1994லயே இங்க ஆரம்பக் கல்விய இலவசமாக்கிட்டாங்க, பிள்ளைங்க வந்து குவிஞ்சிட்டாங்க, வாத்தியார்தான் பத்தல. என் கிளாஸ்ல நூத்துக்கு மேல பிள்ளைங்க, பாதிப்பேர் தரைல. வாலிபர் ஐக்கியம் அனுப்புன பணத்துல கரும்பலகை பெயிண்டும் நோட்டும் வாங்கியாச்சு, பில்லு ஐயருக்கு அனுப்பியிருக்கேன். தயவுசெஞ்சு பழைய துணி பார்சல் மட்டும் அனுப்பாதீங்க, தபால் செலவுல இங்க தச்ச யூனிஃபார்மே வாங்கிரலாம்.

ஒரு சின்ன வருத்தம், உரிமைல சொல்லுதேன். ஜெபக்குறிப்புல என் பேருக்குப் பக்கத்துல ‘இருண்ட கண்டம்’னு போட்டிருக்கீங்க. அத எடுத்துருங்க. பிளாண்டயர்ல ஸ்காட்லாந்துக்காரங்க மிஷன் ஆரம்பிச்சது 1876ல, அங்க இருக்கிற செயின்ட் மைக்கேல் கோயில உள்ளூர் ஆளுங்கதான் செங்கல் சுட்டு 1891ல கட்டி முடிச்சாங்க. ஞாயித்துக்கிழமை எங்க கோயில்ல உக்கார இடம் கிடைக்காது. 2023 மார்ச்ல ஃப்ரெடி புயல் வந்து மலை சரிஞ்சப்போ அகோகோ வீடே போயிருச்சு. அதே வருஷம் டிசம்பர்ல தாமிரபரணி வெள்ளத்துல நம்ம பக்கம் பட்ட பாட்ட நான் சொன்னேன், அன்னைல இருந்து ராத்திரி ஜெபத்துல நம்ம ஊரையும் சேத்துக்கிட்டாங்க. இவங்க நமக்காக ஜெபம் பண்ணிட்டு இருக்காங்க, நம்ம பேப்பர்ல இப்படி இருந்தா நல்லாவா இருக்கு?

அப்புறம், இங்க ம்வானோன்னு பெண்கள் சங்கம் இருக்கு, அவங்ககிட்ட நம்ம அசனப் பண்டிகைய பத்தி வாய்விட்டுட்டேன். ஊருக்கே ஒரே நாள்ல எப்படி சமைப்பீங்கன்னு தொளைச்சு எடுக்காங்க. இந்த வருஷ அசனத்துல அடுப்பு மூட்டுறதுல இருந்து பந்தி வரைக்கும் யாராவது வீடியோ எடுத்து அனுப்புங்க, சின்ன சைஸ்ல அனுப்புங்க, இங்க டேட்டா விலை ஜாஸ்தி.

உங்க அன்புத் தம்பி,
முலாஞ்சே, மலாவி