ஸ்டாப் வாட்ச்சைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

விமான நிலையங்களை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். அழைப்பு வந்த மூன்று நிமிடத்துக்குள் விமான நிலையத்தின் முதல் தீயணைப்பு வண்டி ரன்வேயின் எந்த முனைக்கும் போய்ச் சேர்ந்து நுரையைப் பீய்ச்சத் தொடங்க வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. வகுத்த கணக்கு. முடிந்தால் இரண்டே நிமிடத்தில் என்று பரிந்துரையும் உண்டு. க்ராஷ் டெண்டர் என்னும் அந்தத் தீயணைப்பு வண்டியை ஓட்டியே பணிக்காலத்தைக் கழித்த எனக்கு இந்த மூன்று நிமிடத்தோடு எந்தச் சண்டையும் இல்லை. கொட்டிய எரிபொருள் பற்றிக்கொண்டால் விமானத்தின் அலுமினியத் தோல் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் தாங்கினாலே பெரிது. உள்ளே இருப்பவர்கள் இறங்க வழி கிடைக்க வேண்டும் என்றுதான் நாங்கள் அப்படிப் பறந்தோம்.

நீங்கள் அந்த மூன்று நிமிடத்தை மட்டுமே எண்ணுகிறீர்கள். அதோடுதான் என் சண்டை.

அந்த விதியை முழுதாகப் படித்துப் பாருங்கள். நல்ல வெளிச்சம், மழையில்லாத வானம், சுத்தமான தரை, இவை இருக்கும்போது எட்ட வேண்டிய நேரம் அது. பார்வை மங்கும் வேளைகளுக்கு வழிகாட்டல், கருவி, நடைமுறை என்று தனி ஏற்பாடு வேண்டும் என்று அதே ஆவணம் சொல்கிறது. சோதிக்க வருபவர் ஸ்டாப் வாட்ச்சோடு வருவார். அந்தத் தனி ஏற்பாட்டைப் பற்றி என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.

2022 நவம்பர் 18 அன்று பெரு நாட்டின் லிமா விமான நிலையத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருகிறோம் என்று பார்க்கும் ஒத்திகைதான் அது. எங்கும் தீ இல்லை. வேகமெடுத்து வந்த தீயணைப்பு வண்டி ரன்வேக்குள் நுழைய, புறப்பட ஓடிக்கொண்டிருந்த லாட்டாம் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320நியோ அதன் மேல் மோதியது. விமானத்தில் இருந்த 108 பேரும் பிழைத்தார்கள். வண்டியில் இருந்த தீயணைப்பு வீரர்கள் இருவர் அங்கேயே இறந்தார்கள். படுகாயமடைந்த மூன்றாமவர் பிறகு இறந்தார். ஒத்திகையைக் கூடித் திட்டமிடவில்லை, விமானங்களுக்கு அனுமதி தரும் கட்டுப்பாட்டு டவரோடு நடந்த பேச்சு சரியில்லை, விதித்த சொற்களைப் பயன்படுத்தவில்லை என்றுதான் விசாரணை சொன்னது. பிரேக்கையோ இன்ஜினையோ யாரும் குறை சொல்லவில்லை. "போகலாம்" என்ற ஒரு சொல்லை இருவர் இரண்டு விதமாக எடுத்துக்கொண்டால் போதும், ரன்வேயில் விபத்து நடக்க அதுவே தாராளம்.

அதற்கு ஒன்பது ஆண்டு முன்பு, 2013 ஜூலை 6, சான் பிரான்சிஸ்கோ. ஏசியானா 214, போயிங் 777, 307 பேர். தரையிறங்கும்போது வால் கடற்சுவரில் இடித்து உடைந்தது. அத்தனை பெரிய விபத்தில் மூவர்தான் இறந்தார்கள். அந்த மூவரில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி. விமானத்துக்கு வெளியே இடது இறக்கைப் பக்கம் கிடந்தாள். வீரர்கள் சிலர் அவளைப் பார்த்தார்கள். உயிர் இருக்கிறதா என்று யாரும் தொட்டுப் பார்க்கவில்லை, அப்புறப்படுத்தவும் இல்லை. நுரை வந்து மூடிவிட்டது. இரண்டு வண்டிகள் அவள் மேல் ஏறின. வண்டி ஏறும்போது அவள் உயிரோடுதான் இருந்தாள் என்றார் மரண விசாரணை அதிகாரி. அன்று தீயணைப்பை முன்னின்று நடத்தியவருக்கு விமானத் தீ பற்றிய பயிற்சியே இல்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தது.

அந்த ஓட்டுநர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நகரத்துத் தீயணைப்பு வண்டி பெரும்பாலும் நின்றுகொண்டு தண்ணீர் அடிக்கும். எங்கள் வண்டி ஓடிக்கொண்டே அடிக்க வேண்டும். பெரிய ஆறு சக்கர வண்டி ஒன்றில் பத்துப் பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர், மொத்த எடை முப்பது டன்னுக்கு மேல், வேகம் நூறு கிலோமீட்டரைத் தாண்டும். திருப்பத்தில் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டியே கவிழும், கவிழ்ந்தும் இருக்கிறது. கூரைக் குழாய் முழு வீச்சில் அடித்தால் தொட்டி இரண்டு மூன்று நிமிடத்தில் காலி. அதற்குள் காற்றின் திசையைப் பார்க்க வேண்டும், ரேடியோவைக் கேட்க வேண்டும், விமானத்தின் அவசரச் சறுக்குகளில் இறங்கி ஓடி வருபவர்களைப் பார்க்க வேண்டும். இதற்கு நடுவில் நுரை தரையை வெள்ளைப் போர்வையாக மூடிவிடும். அதற்கு அடியில் புல்லா, பெட்டியா, ஆளா? கேபினிலிருந்து தெரியாது.

போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்துவிடுவதும் இல்லை. 1980 ஆகஸ்ட் 19 அன்று ரியாத்தில் சவுதியா 163 விமானம் உள்ளே தீயோடு பத்திரமாகத் தரையிறங்கி நின்றது. இன்ஜின் அணைந்த பிறகு கதவு திறக்க 23 நிமிடம் ஆனது. 301 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

சரி, என்ன கேட்கிறேன்? நேரம் பார்க்கும் ஒத்திகையை டவர் ஆட்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து திட்டமிடுங்கள். யார் என்ன சொல்லில் அனுமதி கேட்பது, யார் எந்தச் சொல்லில் தருவது என்று எழுதி வைத்துச் செய்யுங்கள். முடிந்தால் அந்த நேரத்துக்கு ரன்வேயை மூடிவிடுங்கள். சில விமானங்கள் தாமதமாகும், ஆகட்டும். ஆண்டுக்குச் சில ஒத்திகைகளாவது இரவில், மழையில், நிஜ நுரையோடு நடக்கட்டும். நுரைக்குள் ஆள் பொம்மையைப் போட்டு வையுங்கள், யார் கண்டுபிடிக்கிறார்கள் பார்ப்போம். விமானத்தை நெருங்கிய பிறகு வண்டி அசைய வேண்டுமென்றால் முன்னால் ஒருவர் இறங்கி நடக்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள். அதற்கு ஆள் வேண்டும். ஆளைக் குறைத்துக்கொண்டே போனால் இறங்கி நடப்பது யார்? வண்டியில் வெப்பக் கேமரா இருந்தால் அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். நான் ஓட்டிய ஒன்றில் திரை பல மாதம் கறுப்பாகவே இருந்தது, புகார்ப் புத்தகத்தில் அழகாகப் பதிவும் ஆகியிருந்தது.

பழைய ஃப்ளோரின் நுரை மண்ணையும் நிலத்தடி நீரையும் கெடுக்கிறது என்று அதை மாற்றப் பணம் ஒதுக்குகிறீர்கள். நல்ல காரியம், செய்ய வேண்டியதுதான். புது விமானச் சேவை தொடங்கினால் எங்கள் வண்டிகளை இரண்டு பக்கமும் நிறுத்தித் தண்ணீர் வளைவு போடச் சொல்கிறீர்கள், படத்துக்கும் வந்து நிற்கிறீர்கள். அதிலும் கோபமில்லை, எங்களுக்கும் அது பிடிக்கும்.

அடுத்த இரவு ஒத்திகைக்கு ஒரு தேதி குறியுங்கள். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உங்களில் ஒருவர் ஏறி உட்காரட்டும். கண்ணாடியில் நுரை படிந்ததும், வெளியே என்ன தெரிகிறது என்று ஓட்டுநரை முந்திக்கொண்டு அவரே சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற க்ராஷ் டெண்டர் ஓட்டுநர் ஒருவன்